‘ரைசன் 7’ என்று போட்டிருக்கிறதே, மினி பிசி வாங்கலாமா?

கேள்வி: “எங்கள் பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டு போய்விட்டது. வாடகை வீடு, மேஜை போடவே இடமில்லை. மனைவி டேலியில் கணக்கு எழுதுகிறார், மகளுக்கு ஆன்லைன் டெஸ்ட், எனக்கு ராத்திரி ஒரு மணி நேரம் ஜிடிஏ 5, வாலரன்ட், கிரிக்கெட். 24 இன்ச் மானிட்டர் ஒன்றும் ஹாலில் 4கே டிவியும் இருக்கின்றன. ‘கேமிங் மினி பிசி, ரைசன் 7, 16 ஜிபி’ என்று நிறைய விளம்பரம் பார்க்கிறேன். நம்பி வாங்கலாமா?”

வாங்கலாம். ஆனால் அந்த விளம்பர வரியில் ‘கேமிங்’ என்ற சொல்லை அடித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ரைசன் 7 என்பதும் பாதிச் செய்தி, 16 ஜிபி என்பதும் பாதிச் செய்தி. சொல்லாமல் விட்ட அந்த இரண்டு பாதிகளில்தான் உங்கள் ராத்திரி ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

வீட்டு வேலையைப் பற்றிக் கவலையே வேண்டாம். டேலி, இருபது டேப் திறந்த குரோம், ஜூம் வகுப்பு, பிரிண்டர், யூடியூப் இவ்வளவுக்கும் இன்றைக்கு விற்கும் மினி பிசிகளில் மலிவானதே போதும். என் அம்மா வீட்டில் இன்டெல் என்100 சிப் போட்ட ஒன்று டிவிக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. நாலு கோர், 6 வாட் கணக்கில் வடிவமைத்த சிப். யூடியூபின் 4கே வீடியோவைத் திணறாமல் ஓட்டுகிறது, ஏனென்றால் ஏவி1 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் வேலைக்கென்று அதற்குள் தனிச் சுற்று இருக்கிறது. அம்மாவுக்கு அது கம்ப்யூட்டர் என்றே தெரியாது, டிவியின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆக, கேம் மட்டும் இல்லையென்றால் இந்தப் பதில் இங்கேயே முடிந்திருக்கும்.

மினி பிசி என்பது திரையும் பேட்டரியும் கீபோர்டும் கழற்றிய லேப்டாப். உள்ளே இருப்பது லேப்டாப்புக்காகச் செய்த சிப். பெரும்பாலானவற்றில் தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள்ளேயே ஒரு மூலையில் கிராஃபிக்ஸ் பகுதி உட்கார்ந்திருக்கும். கேமுக்கு அந்த மூலைதான் முக்கியம். விளம்பரத்தில் அதன் பெயர் கடைசி வரியில், சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

ரைசன் 7 என்ற பெயரில் எத்தனை விதம் என்று பாருங்கள். 5700யு ரைசன் 7தான், ஆனால் அதில் இருப்பது பழைய வேகா கிராஃபிக்ஸ். 7730யு என்ற எண்ணைப் பார்த்தால் புதிது போலத் தெரியும், உள்ளே அதே வேகா. 7735ஹெச்எஸ் வந்தால் ரேடியான் 680எம், இது நல்லது. 7840ஹெச்எஸ், 8845ஹெச்எஸ் இரண்டிலும் ரேடியான் 780எம், இது இன்னும் நல்லது. ஐந்து பெட்டியின் மேலும் ‘ரைசன் 7’ என்று ஒரே ஸ்டிக்கர். வேகாவுக்கும் 780எம்முக்கும் நடுவில் இருப்பது டவுன் பஸ்ஸுக்கும் எக்ஸ்பிரஸ் ரயிலுக்கும் உள்ள தூரம். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: 3 இருந்தால் ஜென் 3 தலைமுறை, 4 இருந்தால் ஜென் 4. ரைசனைச் செய்யும் ஏஎம்டி நிறுவனமே வைத்த கணக்கு இது. அப்புறம் அவர்களே பெயர் வைக்கும் முறையை மாற்றிவிட்டார்கள், அதனால் எண் குழப்பினால் நேராக கிராஃபிக்ஸ் பெயரைத் தேடுங்கள்.

இன்டெல் பக்கம் இதைவிட வேடிக்கை. ஐ9 என்று போட்டு 13900ஹெச் சிப்போடு மினி பிசி விற்கிறார்கள். பிராசஸர் உண்மையிலேயே வேகமானது, வீடியோ எடிட்டிங் செய்கிறவருக்குப் பிடிக்கும். ஆனால் அதன் கிராஃபிக்ஸ் ஐரிஸ் எக்ஸ்இ. 780எம் பக்கத்தில் நிற்காது. ‘ஐ9 வாங்கியும் கேம் ஓடவில்லை’ என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வகையை வாங்கியவர்கள். இன்டெல்லில் கேமுக்குப் பார்ப்பதானால் கோர் அல்ட்ரா 155ஹெச் போல ஆர்க் கிராஃபிக்ஸ் உள்ளவற்றைப் பாருங்கள்.

இது வரைக்கும் எல்லாரும் சொல்வதுதான். பலர் கோட்டை விடுவது அடுத்த விஷயத்தில்: ரேம். எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்டு விட்டுவிடுகிறோம், எத்தனை குச்சி, அதாவது எத்தனை தனித்தனி ரேம் பலகை என்று கேட்பதில்லை.

தனி கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதன் மேலேயே சொந்த மெமரி இருக்கும். சொந்தக் கொல்லையில் போர் போட்டவர் மாதிரி, யாரையும் கேட்க வேண்டாம். மினி பிசியில் பிராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே ரேமைப் பகிர்ந்துகொள்கின்றன. தெருக்குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் குடம் பிடிப்பதுபோல. குழாயில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதுதான் கேள்வி. டிடிஆர்5-5600 ரேம் ஒரே குச்சியாக இருந்தால் நொடிக்கு 44.8 ஜிகாபைட் போகும். அதே 16 ஜிபியை 8, 8 என்று இரண்டு குச்சியாகப் போட்டால் 89.6. ஒப்பிட்டுப் பார்க்க, ஆர்டிஎக்ஸ் 4060 என்ற நடுத்தர டெஸ்க்டாப் கார்டுக்குச் சொந்தமாக 272. இரண்டு குச்சி போட்டாலும் நாம் மூன்றில் ஒரு பங்குதான். ஒரு குச்சியோடு ஆறில் ஒரு பங்கு, அதிலும் பிராசஸருக்குக் கொடுத்தது போக மிச்சம். 780எம் எவ்வளவு கெட்டிக்காரச் சிப்பாக இருந்தாலும் குடத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.

என் மனைவியின் தம்பி போன வருஷம் ஒன்று வாங்கினான். ஒரு வாரத்தில் போன்: “மாமா, ஏமாந்துட்டேன்னு நினைக்கிறேன். ஜிடிஏ திக்கித் திக்கி ஓடுது.” டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்து, எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். இரண்டில் ஒன்று. விற்றவர் 16 ஜிபியை ஒரே குச்சியாகப் போட்டு அனுப்பியிருக்கிறார். பொய் சொல்லவில்லை, 16 ஜிபி என்றார், 16 ஜிபி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் அடியில் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி அதே வேகத்தில் இன்னொரு குச்சி செருகினேன். நொடிக்கு 40 படம், அதாவது 40 எஃப்பிஎஸ்ஸைத் தொடத் திணறிய கேம், செட்டிங் எதையும் தொடாமலே 60-ஐத் தாண்டியது. காரமான கோழிக் குழம்பும் கிடைத்தது, அது வேறு கதை.

ஆகவே வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: “ரேம் இரண்டு குச்சியா, ஒன்றா?” போர்டிலேயே ஒட்டிய எல்பிடிடிஆர் வகை என்றால் குச்சிக் கணக்கு வராது. அவை வழக்கமாக முழு அகலத்தில் இணைந்தே வரும், வேகமும் அதிகம், ஆனால் பிற்பாடு கூட்ட முடியாது. அளவைப் பொறுத்தவரை கிராஃபிக்ஸுக்கென்று பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் செட்டிங் பக்கம்) 4 ஜிபி ஒதுக்கிவிட்டால் 16-ல் விண்டோஸுக்கும் கேமுக்கும் 12 தான் மிஞ்சும். ஓடும், ஆனால் மனைவி திறந்துவைத்த டேலியையும் குரோமையும் மூடிவிட்டு ஆட வேண்டியிருக்கும். அதற்காகவே வீட்டில் சண்டை வரும். 16, 16 என்று 32 ஜிபி நிம்மதி. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறியதால் இதை மனசறிந்து சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கையைக் கடித்தால் இப்போதைக்கு 8, 8 போதும். ஒரே 16 மட்டும் வேண்டாம். என்100-இலும் அதன் தம்பி என்150-இலும் ரேம் ஒரே வழிதான், இரண்டாவது குச்சி என்ற பேச்சே இல்லை. அதனால்தான் கேம் என்று வந்தால் அவற்றை ஒதுக்கச் சொல்கிறேன்.

சரி, 780எம், இரண்டு குச்சி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பட்டியலில் வாலரன்ட் 1080பி திரையில் 100 எஃப்பிஎஸ்ஸுக்கு மேல் போகும். ஆனால் விண்டோஸ் 11-ல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளைக் கேட்கும். சில மினி பிசிகளில் செக்யூர் பூட் அணைத்தே வருகிறது, பயாஸில் போய் இயக்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் போடும் எண்ணம் இருந்தால் வாலரன்ட்டை மறந்துவிடுங்கள், அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் லினக்ஸில் ஓடாது. ஜிடிஏ 5 பழைய பதிப்பு ஹை செட்டிங்கில் தாராளமாக ஓடும். 2025-ல் வந்த என்ஹான்ஸ்ட் பதிப்பில், ஒளியை நிஜம்போலக் கணக்கிட்டுக் காட்டும் ரே டிரேஸிங்கை அணைத்துவிடுங்கள். கிரிக்கெட் 24 மீடியம், லோ என்று இறக்கி ஆடலாம். கிரிக்கெட் 07 என்றால், புது ஜெர்சி பேட்ச் போட்டு இன்னும் அதையே ஆடுகிற கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால், உங்களுக்கு இந்தப் பதிலே தேவையில்லை. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து வைஸ் சிட்டி ஆடிய காலத்து மெஷினே அதற்குப் போதுமாக இருந்தது.

கனமான கேம்களில்தான் உண்மை தெரியும். சைபர்பங்க் 2077-ஐ 1080பி, லோ செட்டிங், எஃப்எஸ்ஆர் (சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி) போட்டு 40-50 எஃப்பிஎஸ்ஸில் ஆடலாம். ஆடினேன், கதை தெரிந்துகொள்ளப் போதும். எல்டன் ரிங் போன்றவற்றையும் செட்டிங்கை இறக்கிச் சமாளிக்கலாம். அதற்கடுத்த தலைமுறை சிக்கல். இண்டியானா ஜோன்ஸ் கேமும் டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேஸிங் வசதியுள்ள கிராஃபிக்ஸ் இல்லாமல் திறக்கவே திறக்காது. வேகாவில் அந்த வசதி கிடையாது. 780எம்மில் இருக்கிறது, ஆனால் பெயருக்குத்தான். இனி வரும் பெரிய கேம்கள் இந்த வழியில்தான் போகும். ஜிடிஏ 6-க்காக வாங்குகிறேன் என்றால் வேண்டவே வேண்டாம். அது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

ஹால் டிவியில் இணைக்கும்போது ஒரு தவறு செய்வீர்கள், எல்லாரும் செய்கிறார்கள்: 4கே டிவி என்பதால் கேமையும் 4கேயில் வைப்பது. 1080பியைவிட 4கேயில் புள்ளிகள் நாலு மடங்கு. 780எம் மூச்சு முட்டி நின்றுவிடும். டெஸ்க்டாப் 4கேயில் இருக்கட்டும், கேமுக்குள் 1080பி வையுங்கள். சோபாவில் பத்தடி தள்ளி உட்கார்ந்தால் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. டிவியில் கேம் மோடு போட மறக்காதீர்கள், இல்லையென்றால் பட்டனை அழுத்தி அரைக்கண் மூடித் திறந்த பிறகுதான் பேட் சுழலும். புளூடூத் கன்ட்ரோலர் அடிக்கடி விட்டுவிட்டால் மெஷினைத் திட்டாதீர்கள். யுஎஸ்பி 3 போர்ட்டில் பென்டிரைவோ ஹார்டு டிஸ்க்கோ ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும், புளூடூத்தும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. இவ்வளவு சின்னப் பெட்டியில் ஆன்டெனாவுக்கும் போர்ட்டுக்கும் இரண்டு விரல் இடைவெளிதான். டிஸ்க்கை ஒரு முழ கேபிளில் தள்ளி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது சூடு. இணையத்தில் பார்க்கும் ரிவ்யூக்கள் பெரும்பாலும் 20 டிகிரி அறையில் எடுத்தவை. நம் ஊரில் மே மாதம் ராத்திரி பத்து மணிக்கும் அறைக்குள் 34, 35 இருக்கும். அறை பதினைந்து டிகிரி கூடுதல் என்றால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு கூடுதல் சூட்டில் நிற்கும். ரிவ்யூவில் 82 டிகிரி காட்டிய சிப் உங்கள் வீட்டில் 95-ஐத் தாண்டும், தன் சூட்டு வரம்பைத் தாண்டாமல் இருக்கத் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், விசிறி விமானம் கிளம்புவதுபோலக் கத்தும். இதற்கு நான் செய்வது, பயாஸில் பெர்ஃபார்மன்ஸ் மோடு என்று இருப்பதைக் குறைத்து 35 முதல் 45 வாட்டுக்குள் கட்டிப்போடுவது. வேகம் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். கேமில் சிப் காத்திருப்பது பெரும்பாலும் மெமரிக்காக, வாட்டுக்காக இல்லை. 54 வாட்டிலிருந்து இறக்கியபோது எனக்குப் போனது நாலைந்து எஃப்பிஎஸ், சத்தம் பாதியானது. பக்கத்தில் உறங்குகிறவர் இருக்கும் வீட்டில் இது சின்ன லாபம் இல்லை. அப்புறம், மானிட்டருக்குப் பின்னால் ஸ்க்ரூ போட்டு மாட்டும் வசதியை எல்லாரும் பாராட்டுவார்கள். மாட்டுங்கள், ஆனால் காற்று வெளியேறும் பக்கம் மேலே பார்த்து இருக்கட்டும், சுவரை ஒட்டித் தள்ளாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து தூசி ஊதுங்கள். சாம்பிராணி போடும் அறையிலேயே வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை.

கரண்ட் விஷயத்தில் எனக்கு இந்தச் சின்னப் பெட்டி மேல் தனிப் பிரியம். சாதாரண வேலையில் 10, 15 வாட்தான் இழுக்கும். பழைய டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 70 வாட் வரை எடுக்கும். நாளைக்கு எட்டு மணி நேரம், இரண்டு மாதக் கணக்கில் பார்த்தால் அது 33 யூனிட், இது 7 யூனிட். தமிழ்நாட்டில் இலவச யூனிட்டைக் கணக்குப் பார்த்து வாழும் வீட்டுக்கு 26 யூனிட் கண்ணுக்குத் தெரியும்.

கரண்ட் போனால்? லேப்டாப்பிலிருந்து இதற்கு மாறுகிறவர்கள் மறக்கும் சங்கதி, இதில் பேட்டரி கிடையாது. ஃபேன் நின்ற அதே நொடியில் கம்ப்யூட்டரும் நிற்கும், சேமிக்காத வவுச்சர் போய்விடும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் ஒன்று வையுங்கள். அதற்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி, அதாவது 84 வாட்-ஹவர். மினி பிசியும் மானிட்டரும் சேர்ந்து 40 வாட் என்றால் நஷ்டம் போக முக்கால் மணி நேரம் தாங்கும். கேம் ஓடும்போது மொத்தம் 100 வாட், கால் மணி நேரம். கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்பை அதே யுபிஎஸ்ஸில் போட்டு கேம் ஆடினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மகளின் ஆன்லைன் டெஸ்ட்டை நினைத்தால் ரூட்டரையும் அதே யுபிஎஸ்ஸில் சேருங்கள். மகள் டெஸ்ட் எழுதிக்கொண்டே இருக்க நெட் மட்டும் போன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி ‘பிற்பாடு கிராஃபிக்ஸ் கார்டு சேர்த்துக்கொள்ளலாமே’ என்று யாராவது சொல்வார்கள். முடியும். சில மாடல்களில் கார்டை வெளியிலிருந்து இணைக்க ஆக்குலிங்க் என்ற போர்ட் இருக்கிறது, சிலவற்றில் யுஎஸ்பி4. டாக், தனி பவர் சப்ளை, கார்டு மூன்றையும் வாங்கி மேஜையில் பரப்பினால், இடமில்லை என்று மினி பிசி வாங்கிய நீங்கள் மேஜை முழுக்க வயரோடு உட்கார்ந்திருப்பீர்கள். ஏற்கெனவே கார்டு கையில் இருக்கிறவருக்கு மட்டும்தான் இது நியாயமான யோசனை. ரேமும் எஸ்எஸ்டியும் மாற்றலாம், பிராசஸரும் கிராஃபிக்ஸும் ஒட்டியவை. இன்றைக்கு வாங்கும் கிராஃபிக்ஸ்தான் ஐந்து வருஷத்துக்கும். ஏஎம்டியின் ரைசன் ஏஐ மேக்ஸ்+ 395 போட்ட பெட்டிகள் இந்தத் தெருக்குழாய்ச் சிக்கலையே உடைத்துவிட்டன, நொடிக்கு 256 ஜிகாபைட். விலையைக் கேட்டால் ஒரு நல்ல கேமிங் லேப்டாப்பைத் தாண்டிப் போகும். அதை வாங்குகிறவர்களில் பலர் வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டுகிறவர்கள், நமக்கு வேண்டாம்.

உங்கள் கேள்வியில் இன்னொரு விதமும் ஒளிந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு புது பெரிய கேம் ஆட வேண்டும், செட்டிங் ஹையில்தான் வேண்டும் என்றால் சின்ன கேபினட்டில் கிராஃபிக்ஸ் கார்டோடு டெஸ்க்டாப் கட்டுவதுதான் வழி, இடத்தை எப்படியாவது ஒதுக்குங்கள். அதற்கு எதிர்முனையில், கேம் எப்போதாவதுதான் என்றால் ஆபீஸ்களிலிருந்து கழித்துவிட்ட பழைய குட்டிப் பெட்டிகள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பிற ஊர்க் கடைகளிலும் கிடைக்கும்: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி. உறுதியானவை, உதிரி பாகம் கிடைக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள், அதற்குக் கீழே விண்டோஸ் 11-க்கு அதிகாரப்பூர்வ ஆதரவு இல்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. டேலியும் பேங்க் வேலையும் செய்யும் மெஷினில் பழைய விண்டோஸ் வேண்டாம்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டும் உங்களுக்குப் பொருந்தவில்லை. 780எம் உள்ள மினி பிசியை வாங்குங்கள். விலை அதிகமாகத் தெரிந்தால் 680எம் வரை இறங்கலாம், அதற்குக் கீழே போக வேண்டாம்.

வாரன்டியை இந்தியாவில் யார் தருகிறார்கள் என்று பெட்டி வாங்கும் முன்பே கேளுங்கள். இந்தச் சந்தையையே உருவாக்கிய இன்டெல் என்யூசி வரிசையை 2023 ஜூலையில் இன்டெல்லே கைவிட்டது, ஏசஸ் எடுத்துக்கொண்டது. பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதை என்றால், பெயர் தெரியாத பிராண்ட் மூன்று வருஷ வாரன்டி என்று எழுதுவதை எப்படி எடுத்துக்கொள்வது என்று நீங்களே பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து வரும் உறவுக்காரர் பையில் வரவழைக்கும் யோசனை இருந்தால், லேப்டாப் ஒன்றுக்கு உள்ள சுங்கச் சலுகை இதற்கும் உண்டு என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பழுதானால் அவரே திரும்பக் கொண்டுபோக வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பெட்டி வந்ததும் அதிலிருக்கும் விண்டோஸைப் பயன்படுத்தாதீர்கள். 2024-ல் ஒரு பிராண்டின் மினி பிசிகளில் கடவுச்சொல் திருடும் மென்பொருள் கம்பெனியிலிருந்தே ஏறி வந்தது வெளியானது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் இறக்கி, பென்டிரைவில் ஏற்றி, டிஸ்க்கை முழுக்க அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். அதற்கு முன் கிராஃபிக்ஸ், வைஃபை டிரைவர்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நெட் இல்லாமல் முழிக்க வேண்டாம். அதன் பிறகு ஆக்டிவேஷன் தானாக வந்தால் லைசென்ஸ் ஒழுங்கானது. வரவில்லையென்றால், நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரும் லைசென்ஸை உங்கள் தலையில் கட்டியிருக்கக்கூடும், விற்றவரிடம் உடனே கேளுங்கள்.

திருப்பி அனுப்பக் கொடுத்திருக்கும் நாட்கள் முடிவதற்குள் இன்னும் இரண்டு வேலை. டாஸ்க் மேனேஜரில் ரேம் ஸ்லாட் இரண்டில் இரண்டு என்று காட்டுகிறதா பாருங்கள். பிறகு ஏசி போடாத அறையில், மதியம் இரண்டு மணிக்கு, ஜிடிஏவை இரண்டு மணி நேரம் ஓட விட்டு எஃப்பிஎஸ்ஸைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பத்து நிமிஷத்தில் வந்த எண்ணும் கடைசிப் பத்து நிமிஷத்தில் வந்த எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் பரணில் போடலாம். பாதியாக விழுந்திருந்தால் மெஷினை அதே அட்டைப்பெட்டியில் திரும்ப வைத்து டேப் ஒட்டிவிடுங்கள்.